இசைக்கு ஊர் எது?

முன்னுரை

நாடு விட்டு நாடு போகிறவர் கையில் எடுத்துச் செல்லும் பொருள்களைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டு வேட்டி, ஒரு பாய், ஒரு சாமி படம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பட்டியல் நமக்குத் தெரிந்ததுதான். அந்தப் பட்டியலில் வராத ஒன்றும் அவரோடு கப்பலேறுகிறது. அது அவர் காதிலும் கையிலும் இருக்கும் இசை. போய்ச் சேரும் ஊரில் அந்த இசைக்கு மேடை கிடைக்குமா, கேட்பார் இருப்பார்களா, அதைக் கொண்டு வயிறு நிறையுமா என்பதெல்லாம் கரையிறங்கிய பிறகுதான் தெரியவரும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாறு புறப்பட்ட இசையமைப்பாளர் பலருக்குச் சோறு போட்டது திரைப்படம். சோறு போட்ட அதே திரைப்படம், 'இவர் படத்துக்கு வாசிப்பவர்' என்ற முத்திரையையும் அவர்கள் நெற்றியில் குத்திவிட்டது. அதனால் அவர்களுள் பலர் செவ்விசை வரலாற்றில் ஓர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

இக்கட்டுரையில் 1907ஆம் ஆண்டில் பிறந்த மூன்று இசையமைப்பாளர்களை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். மூவரும் பிறந்த ஊரை விட்டுப் போனவர்கள். மூவரும் திரைப்படத்துக்கு இசை எழுதியவர்கள். ஒருவர் பெயரைச் சிங்கப்பூரில் பள்ளிப்பிள்ளையும் அறியும். இன்னொருவர் பெயரைப் பழைய ஆங்கிலப் படங்களை விரும்புவோர் அறிவர். மூன்றாமவர் இசையைக் கோடிக்கணக்கான இந்தியர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் 'யார் அது?' என்றுதான் கேட்பார்கள். இந்த வேறுபாடு எதனால் ஏற்பட்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்படம் ஏன் புகலிடமாயிற்று?

இரண்டு நிகழ்வுகள் சில ஆண்டு இடைவெளியில் நடந்தன. முதலாவது, திரைப்படம் பேசத் தொடங்கியது. அமெரிக்காவில் 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது. இந்தியாவில் 1931இல் இந்தியில் 'ஆலம் ஆரா'வும், அதே ஆண்டில் தமிழில் 'காளிதாஸ்' படமும் வந்தன. பேசும் படத்துக்குப் பாட்டும் பின்னணி இசையும் தேவைப்பட்டன. விரைவாக எழுதி, வாத்தியக் குழுவை நடத்தத் தெரிந்தவர்களைப் பட நிறுவனங்கள் தேடின.

இரண்டாவது, 1933இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக இசைக்கலைஞர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களின் படைப்புகள் மேடையேறுவது நின்றது. உயிர் பிழைக்க நாட்டை விட்டு வெளியேறியவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

கச்சேரி மேடைக்கு இசை எழுதுபவர் ஊர் மாறினால் எல்லாவற்றையும் இழக்கிறார். இசைக்குழு, அரங்கம், இசைத்தாளை அச்சிடும் பதிப்பாளர், விமர்சகர், பழகிய ரசிகர் என எல்லாமே பழைய ஊரில்தான் இருக்கின்றன. பட நிறுவனமோ இவை எதையும் எதிர்பார்ப்பதில்லை. அடுத்த மாதத்துக்குள் இசை வேண்டும், அவ்வளவுதான். இதனால்தான் அகதியாக வந்த செவ்விசைக் கலைஞருக்குத் திறந்திருந்த முதல் கதவு படக்கூடத்தின் கதவாக இருந்தது.

இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு எரிக் வூல்ஃப்காங் கோர்ன்கோல்ட். 1897இல் பிறந்த இவர் சிறுவனாக இருந்தபோதே மேதை என்று குஸ்தாவ் மாலரால் பாராட்டப்பட்டவர். 1920இல், 23 வயதில், இவர் எழுதிய 'மாண்ட நகரம்' என்னும் இசை நாடகம் ஒரே நாளில் இரண்டு ஜெர்மானிய நகரங்களில் அரங்கேறியது. 1934இல் முதன்முதலாக ஹாலிவுட்டுக்குப் போனார். 1938இன் தொடக்கத்தில் 'ராபின் ஹுட்' படத்துக்கு இசையமைக்க அழைப்பு வந்து, வியன்னாவிலிருந்து புறப்பட்டார். சில வாரங்களில் நாஜிப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்தப் படம் தம் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இது மிகைக்கூற்று அன்று.

கார்ல்ஸ்பாத்திலிருந்து பம்பாய்க்கு: வால்டர் காஃப்மன்

இனி, நம் மூவரில் முதலாமவரைப் பார்ப்போம். வால்டர் காஃப்மன் 1907 ஏப்ரல் 1ஆம் நாள் கார்ல்ஸ்பாத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் உள்ளது. பெர்லினில் இசையமைப்பும், பிராக் நகரில் இசையியலும் பயின்றார். மாலரின் இசையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். தம் ஆய்வு நெறியாளர் நாஜி இயக்கத்தைச் சார்ந்தவர் என்று அறிந்ததும் அந்தப் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆய்வேட்டை முடித்து, கட்டித் தரும் நாளுக்காகக் காத்திருக்கும் நம் இறுதியாண்டு நண்பர்களுக்கு இதன் கனம் புரியும்.

1934இல் அவர் கப்பலேறி வந்து இறங்கிய இடம் பம்பாய். இந்தியாவுக்கு நுழைவு அனுமதி எளிதாகக் கிடைத்தது ஒரு காரணம். மோகன் பவ்னானி என்னும் படத் தயாரிப்பாளர் பம்பாயில் இருந்தது இன்னொரு காரணம். ஜெர்மனிக்குச் சென்று திரைத்தொழில் கற்றவர் பவ்னானி. அவர் படங்களுக்குக் காஃப்மன் பின்னணி இசை எழுதினார். பின்னர் 1939இல் பிராக்கிலிருந்து தப்பி வந்த அவருடைய நண்பர் வில்லி ஹாஸ் என்னும் எழுத்தாளரும் அதே பவ்னானிக்குத் திரைக்கதை எழுதினார். இரண்டு அகதிகளுக்கு ஒரே படக்கூடம் வேலை கொடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய இசையைக் காஃப்மன் இசைத்தட்டில் முதலில் கேட்டபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் அவர் சிந்தித்த விதம்தான் என்னைக் கவர்ந்தது. கோடிக்கணக்கான மக்கள் விரும்பிக் கேட்கும் இசையில் பொருள் இல்லாமல் போகாது. எனவே குறை கேட்கிறவனிடம்தான் இருக்க வேண்டும். அந்த இசை பிறந்த மண்ணுக்கே போய்க் கற்பதுதான் வழி என்று முடிவு செய்தார். கொஞ்ச காலம் இருக்கலாம் என்று வந்தவர் 12 ஆண்டுகள் தங்கிவிட்டார்.

பம்பாயில் அவர் ஒரு சிற்றவை இசைச் சங்கத்தை நிறுவினார். அதில் வயலின் வாசித்தவர்களுள் ஒருவர் மேலி மேத்தா. உலகப் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஜூபின் மேத்தாவின் தந்தை இவர். 1937 முதல் 1946 வரை காஃப்மன் அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவின் பொறுப்பில் இருந்தார்.

நம் தாத்தா பாட்டிமார் சிற்றலையில் தமிழ்ச் செய்தி கேட்ட காலத்தில், நிலையம் தொடங்குமுன் தம்பூரா சுருதியின் மேல் ஒரு வயலின் இழைந்து வரும். அகில இந்திய வானொலியின் முகப்பிசை அது. என் தாத்தாவுக்கு அதைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினால், இரண்டு வினாடிக்குள் 'ஆகாசவாணி' என்று சொல்லிவிடுவார். அதன் படைப்பாளராக வேறு சில பெயர்களையும் கூறுவோர் உண்டு என்றாலும், அது வால்டர் காஃப்மனின் படைப்பு என்பதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. அந்த வயலினை வாசித்தவர் மேலி மேத்தா என்றும் கூறுவர்.

1946இல் காஃப்மன் இந்தியாவை விட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். பிறகு கனடாவில் வின்னிபெக் இசைக்குழுவின் முதல் இசை இயக்குநராகச் சுமார் பத்து ஆண்டுகள் பணியாற்றினார். 1948இல் அவர் எழுதிய ஒரு வாத்திய இசைக்கு 'மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். 1957இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கிருந்தபடியே 1968இல் வட இந்திய இராகங்களைப் பற்றியும், 1976இல் தென்னிந்திய இராகங்களைப் பற்றியும் பெருநூல்கள் வெளியிட்டார். 1984இல் காலமானார். கார்ல்ஸ்பாத்தில் பிறந்து, பம்பாயில் படத்துக்கு வாசித்து, அமெரிக்காவில் அமர்ந்து நம் இராகங்களைத் தொகுத்த ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒரு சிறு பாடம்: காந்தாரம் செய்யும் வேலை

அந்த முகப்பிசை சிவரஞ்சனி இராகத்தில் அமைந்தது என்பர். இசை பயிலாத நண்பர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். நாம் நன்கறிந்த மோகன இராகத்தில் ஐந்து சுரங்கள் உள்ளன: ச, ரி, க, ப, த. சிவரஞ்சனியிலும் அதே ஐந்து எழுத்துகள்தாம். ஒரே ஒரு வேறுபாடு, மோகனத்தில் வரும் அந்தர காந்தாரம் சிவரஞ்சனியில் அரைச்சுரம் இறங்கிச் சாதாரண காந்தாரம் ஆகிறது.

ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ இதைச் செய்து பாருங்கள். மோகனத்தை வாசித்துவிட்டுக் காந்தாரத்தை மட்டும் பக்கத்துக் கட்டைக்கு இறக்குங்கள். மகிழ்ச்சி நிறைந்த வீட்டில் யாரோ ஒருவர் ஊருக்குப் புறப்பட்டதுபோல் இருக்கும். மற்ற நான்கு சுரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் பாவம் முழுவதும் மாறிவிடுகிறது. நம் திரையிசையில் பிரிவைச் சொல்லும் எத்தனையோ பாடல்கள் சிவரஞ்சனியில் அமைந்திருப்பது இதனால்தான். ஊரை விட்டு வந்த ஒருவர், வந்த நாட்டின் நூற்றுக்கணக்கான இராகங்களிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

புடாபெஸ்டிலிருந்து ஹாலிவுட்டுக்கு: மிக்லோஷ் ரோசா

இரண்டாமவர் மிக்லோஷ் ரோசா. காஃப்மன் பிறந்த அதே ஏப்ரல் மாதம், பதினேழு நாள் கழித்து, 18ஆம் நாள் புடாபெஸ்டில் பிறந்தார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பயின்று, பாரிசில் குடியேறினார். அவர் எழுதிய வாத்திய இசை ஐரோப்பிய மேடைகளில் பாராட்டுப் பெற்றது. பாராட்டு இருந்தது, பணம் இல்லை.

பாரிசில் ஒரு கச்சேரி முடிந்ததும், புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆர்தர் ஓனெகரிடம் 'நீங்கள் எதைக் கொண்டு பிழைக்கிறீர்கள்?' என்ற பொருள்பட ரோசா கேட்டாராம். படத்துக்கு இசை எழுதித்தான் என்று ஓனெகர் பதில் சொன்னதாக ரோசா தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பதில் அவர் பாதையை மாற்றியது. இலண்டனில் தம் நாட்டவரான அலெக்சாண்டர் கோர்டாவின் நிறுவனத்தில் சேர்ந்தார்.

கோர்டாவின் 'பாக்தாத் திருடன்' படத்தைப் போர் காரணமாக இலண்டனில் முடிக்க முடியவில்லை. 1940இல் படக்குழுவே ஹாலிவுட்டுக்குப் பெயர்ந்தது, ரோசாவும் போனார். அந்தப் படத்தின் சிறுவன் நாயகன் யார் தெரியுமா? மைசூரைச் சேர்ந்த யானைப்பாகன் ஒருவரின் மகன் சாபு. 1942இல் வந்த 'ஜங்கிள் புக்' படத்திலும் நடிப்பு சாபு, இசை ரோசா. அதன் இசை, சாபுவின் குரலில் கதை சொல்லப்பட்டு, இசைத்தட்டாகவும் விற்பனைக்கு வந்தது. ஹங்கேரிக்காரர் ஒருவரும் மைசூர்ச் சிறுவன் ஒருவனும் ஹாலிவுட்டில் ஒரு இசைத்தட்டில் சந்தித்தார்கள்.

ரோசா மூன்று முறை ஆஸ்கார் விருது பெற்றார்: 1945இன் 'ஸ்பெல்பவுண்ட்', 1947இன் 'எ டபுள் லைஃப்', 1959இன் 'பென்ஹர்'. ஆனாலும் அவர் ஒரு நிபந்தனையை விடவில்லை. ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் படவேலையிலிருந்து தமக்கு விடுப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். அந்த மாதங்களில் தம் சொந்த இசையை எழுதினார். தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் 'இரட்டை வாழ்க்கை' என்றே பொருள்படும் பெயரை வைத்தார்.

புக்கிட்திங்கியிலிருந்து சிங்கப்பூருக்கு: சுபிர் சைட்

மூன்றாமவர் நமக்கு மிக அருகில் வாழ்ந்தவர். ஸ்கூடாயிலிருந்து பேருந்து ஏறினால் நெரிசலோடு சேர்த்தே இரண்டொரு மணி நேரத்தில் எட்டிவிடும் ஊரில் வாழ்ந்தவர். சுபிர் சைட் 1907 ஜூலை 22ஆம் நாள் சுமத்ராவின் புக்கிட்திங்கியில், மினாங்கபாவ் குடும்பத்தில் பிறந்தார். இசைத்துறைக்குப் போவதைத் தந்தை விரும்பவில்லை. 1928இல், 21 வயதில், சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்.

இவர் மற்ற இருவரைப்போல் இசைக்கல்லூரியில் பயின்றவர் அல்லர். எண்களால் சுரம் எழுதும் முறையைப் பள்ளி நாளில் கற்றுக்கொண்டு, பின் தம் முயற்சியாலேயே வளர்ந்தவர். செவ்விசைக் கலைஞர் வரிசையில் இவரை வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். புலம்பெயர்ந்தவரின் இசை எப்படி ஓர் ஊரில் வேர் பிடிக்கிறது என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று நம் வட்டாரத்தில் இல்லை என்பதால் இங்குச் சேர்த்திருக்கிறேன்.

பங்சாவான் நாடகக் குழுவில் தொடங்கி, இசைத்தட்டு நிறுவனத்தில் பணியாற்றி, 1940களின் இறுதியில் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிறுவனத்துக்கும், 1950களில் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தார். அந்தப் படக்கூடங்களில் நம்மவர் பலரும் இருந்தனர். பொந்தியானாக் பேய்ப் படங்களை இயக்கிய பி. என். ராவ் கேரளத்தில் பிறந்தவர். எல். கிருஷ்ணன் தமிழர். ஆக, சுமத்ராவிலிருந்து வந்தவரின் மெட்டும், தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் காட்சியும் சேர்ந்துதான் அன்றைய மலாய்ப் படங்கள் உருவாயின.

1958இல் சிங்கப்பூர் நகர மன்றத்துக்காகச் சுபிர் சைட் ஒரு பாடல் எழுதி இசையமைத்தார். அதுவே 'மாஜுலா சிங்கப்பூரா'. 1959இல் அது சிங்கப்பூரின் அதிகாரப்பூர்வப் பாடலாயிற்று. இன்று அக்குடியரசின் நாட்டுப்பண் அதுவே. 1987இல் அவர் மறைந்தார். சிங்கப்பூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் மகள் எழுதிய வாழ்க்கை வரலாறு 2012இல் நூலாக வந்தது.

'படக்காரர்' என்னும் பட்டம்

இனி நம் கேள்விக்கு வருவோம். மறக்கப்பட்டவர்களின் இசை தரம் குறைந்தது, படத்துக்கு எழுதியதால் கெட்டுப்போனது என்பது பழைய குற்றச்சாட்டு. 1947இல் கோர்ன்கோல்ட்டின் வயலின் கச்சேரி இசையைப் புகழ்பெற்ற ஹைஃபெட்ஸ் அமெரிக்காவில் அரங்கேற்றினார். நியூயார்க் விமர்சகர் ஒருவர் அவர் பெயரையே பிரித்து, இதில் தங்கத்தைவிடச் சோளம்தான் அதிகம் என்று எள்ளினார். 'கோர்ன்' சோளத்தையும் 'கோல்ட்' தங்கத்தையும் ஆங்கிலத்தில் நினைவூட்டுவதால் வந்த கேலி அது. இன்று அந்தப் படைப்பை உலகின் பெரிய வயலின் கலைஞர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள்.

அந்தப் படைப்பைப் பற்றி அறிய வேண்டியது ஒன்று உண்டு. அதன் முக்கிய மெட்டுகள் கோர்ன்கோல்ட் தம் படங்களுக்காக எழுதியவை. படத்திலிருந்து மேடைக்கு வந்த இசை அது. ரோசாவுக்கோ இதற்கு நேர்மாறாக நடந்தது. அதே ஹைஃபெட்ஸுக்காக அவர் எழுதிய வயலின் கச்சேரி இசை 1956இல் அரங்கேறியது. பின்னர் 1970இல் வந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் படத்துக்கு அந்த இசையே பயன்பட்டது. மேடையிலிருந்து படத்துக்குப் போன இசை இது. இரண்டுக்கும் நடுவில் சுவர் இருந்திருந்தால் இந்தப் போக்குவரத்து நடந்திருக்குமா?

தமிழருக்கு இது புதிய செய்தியும் அன்று. 1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன், தந்தையை இழந்து, சிறுவயதிலேயே திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்தவர். 1930இல் சென்னைக்கு வந்தார். கலாக்ஷேத்திராவில் கற்பித்தார், எம். கே. தியாகராஜ பாகவதர் பாடப் படங்களுக்குப் பாட்டெழுதினார். 1939இல் 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாக நடித்தார். தமிழ்த் தியாகையர் என்று அவரை அழைத்தவர்கள் அவர் படப்பாட்டு எழுதியதை ஒரு குறையாகக் கொள்ளவில்லை. 1971இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கியது. 1973இல் மறைந்தார். இன்றும் அவர் கீர்த்தனை இல்லாத மார்கழி இல்லை.

ஆகவே, படத்துக்கு எழுதினார் என்பதால் மட்டும் ஒருவர் மறக்கப்படுவதில்லை. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

உரிமை கொண்டாடும் ஊர்

சிவனுக்கு ஊர் இருந்தது. அவரிடம் கற்ற மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் தம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சபாக்கள் இருந்தன, 'இவர் நம்மவர்' என்று சொல்லும் மக்கள் இருந்தார்கள். சுபிர் சைட் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்தான். வந்த மண் அவரைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொண்டது. ரோசாவைப் படரசிகர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

காஃப்மனை யார் தத்தெடுத்தார்கள்? செக் நாட்டவருக்கு அவர் ஜெர்மன் மொழி பேசியவர். ஜெர்மானியருக்கு அவர் துரத்தப்பட்ட யூதர். இந்தியருக்கு அவர் வந்துபோன வெள்ளைக்காரர். கனடா நாட்டவருக்கு அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டவர். அமெரிக்கருக்கு அவர் ஒரு பேராசிரியர். அவருடைய இசையமைப்பாளர் முகம் அங்குப் பலருக்குத் தெரியாது. ஐந்து நாடுகளில் வாழ்ந்தவருக்கு, 'இவர் எங்களவர்' என்று சொல்ல ஒரு நாடும் முன்வரவில்லை. அவருடைய இசைத்தாள்கள் நூலகப் பெட்டிகளில் உறங்கின. 2020இல்தான், கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ஏ.ஆர்.சி. குழுவினர், நாடு கடந்து வாழ்ந்தவர்களின் இசை என்ற வரிசையில் அவருடைய சிற்றவைப் படைப்புகளை ஒலிப்பதிவு செய்து வெளியிட்டனர். அவர் இறந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறதி என்பது இசையின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று. அதை எடுத்து வைத்துக்கொள்ள ஆள் இல்லாமற் போனதன் விளைவு. மூவரின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படித்தபின் நான் வந்தடைந்த முடிவு இதுதான்.

நம் வீட்டுக் கணக்கு

இந்த முடிவு ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. என் அப்பாவின் தாத்தா தஞ்சைப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். குளுவாங் அருகில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். கையில் ஒரு நாதஸ்வரமும் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பாராம். சாமி சுற்றி வந்து அமர்ந்ததும், லயத்துச் சனங்கள் விடமாட்டார்கள். தோட்டத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களில் கேட்ட பாட்டையெல்லாம் வாசிக்கச் சொல்வார்கள். அவரும் விடிய விடிய வாசிப்பாராம். பட்டணத்திலிருந்து வரும் சில வித்துவான்கள் இதற்காகவே அவரைத் 'தோட்டத்துப் படப்பாட்டுக்காரர்' என்று ஏளனம் செய்தார்கள் என்று தாத்தா சொல்வார்.

அம்மன் பேரில் அவரே இரண்டு பாட்டுக் கட்டியிருந்தாராம். ஒன்று அடியோடு போய்விட்டது. மற்றொன்றின் முதலடி மட்டும் தாத்தாவுக்கு நினைவிருக்கிறது. சென்ற விடுமுறையில் அதைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அரை நிமிடம்கூட வரவில்லை. கோயிலில் தேவாரம் கற்பிக்கும் ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு, ஆனந்தபைரவியின் சாயல் இருக்கிறது என்றார். அந்தத் தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது. கோயிலும் இடம் மாறிவிட்டது. அவர் வாசித்த ஒரு சுரம்கூட எந்த இசைத்தட்டிலும் இல்லை. காஃப்மனுக்குப் பெட்டியில் தாளாவது இருந்தது.

நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். உறுமி அடித்தவர், தோட்டத்து நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வீணை சொல்லிக் கொடுத்தவர், கூத்துப் பாட்டுக் கட்டியவர் என எத்தனையோ பேர். தமிழகம் அவர்களைப் போய்விட்டவர்கள் என்று விட்டுவிடும். இந்நாட்டு இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர்களை அறியமாட்டார்கள். உரிமை கொண்டாட வேண்டிய ஊர் நாம்தான்.

என்ன செய்யலாம்?

தமிழ்மொழிக் கழக நண்பர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இது. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, ஆளுக்கு ஒரு பெரியவரைப் பாடவோ வாசிக்கவோ சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே அவர் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, யாரிடம் கற்றார், அந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டார் என்பனவற்றை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பெயரில்லாத ஒலிப்பதிவு பத்து ஆண்டில் அனாதையாகிவிடும். ஒரு படி வீட்டிலும் ஒரு படி கழகத்திலும் இருக்கட்டும். குடும்பத்தாரின் ஒப்புதலை எழுதி வாங்கிவிடுங்கள். முக்கியமாக, இது கீர்த்தனையா, படப்பாட்டா, தாலாட்டா என்று தரம் பிரித்து எதையும் ஒதுக்காதீர்கள். தரம் பிரிக்கும் வேலையை நமக்குப் பின் வருவோர் செய்துகொள்ளட்டும். அவர்கள் செய்வதற்கு ஏதேனும் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?

கேட்டுப் பயில:

1. அகில இந்திய வானொலியின் முகப்பிசையைக் கேட்டு, அதில் காந்தாரம் எங்கே வருகிறது என்று கண்டறிக. அதையே மோகனத்தில் பாடிப் பார்த்து, பாவ வேறுபாட்டை எழுதுக.

2. கோர்ன்கோல்ட்டின் 'ராபின் ஹுட்' பட இசையையும் அவருடைய வயலின் கச்சேரி இசையையும் அடுத்தடுத்துக் கேட்டு, ஒரே கையின் அடையாளம் எங்குத் தெரிகிறது என்று குறிப்பிடுக.

3. 'பென்ஹர்' படத்தில் ஒரு பாத்திரம் வரும்போதெல்லாம் திரும்ப வரும் மெட்டு எது? நம் படங்களில் இம்முறை கையாளப்பட்ட ஓர் எடுத்துக்காட்டைக் கூறுக.

4. உங்கள் ஊரில் வாழ்ந்த, இசைத்தட்டில் இடம்பெறாத ஓர் இசைக்கலைஞரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக.

முடிவுரை

1907இல் பிறந்த மூவரும் இன்று இல்லை. காஃப்மனும் ரோசாவும் சுபிர் சைட்டும் ஒருவரையொருவர் சந்தித்ததாக எந்தக் குறிப்பையும் நான் படித்ததில்லை. ஆனால் மூவரும் ஒரே உண்மையை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். இசை எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அதை யார் வைத்துக்கொண்டார்கள் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நான்காவது கேள்விக்கு வரும் விடைகளைக் கழகம் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுமானால், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறும்.